உயிர் காக்கும் துனேர் மரம்

நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருப்பீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி வாங்கியிருப்பீர்கள். அதே கடையில் தாளிசபத்திரி என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் காய்ந்த இலைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார். சளிக்கும் இருமலுக்கும் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் தாளிசாதி சூரணத்தில் இந்த இலை சேர்கிறது.

இந்த இலை பெரும்பாலும் நம் ஊரில் பறித்தது அல்ல. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இமயமலையில் பறித்தது. தாளிசபத்திரி என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களின் இலைகள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று ஃபிர் என்ற மரத்தின் இலை. இன்னொன்று துனேர் என்ற மரத்தின் இலை. இரண்டும் ஊசியிலை மரங்கள்தான்.

துனேர் மரம் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது. அதே துனேர், புற்றுநோய்க்கு மருந்து கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்த மரமும்கூட. உயிரைக் காக்கும் மரத்தின் உயிருக்கு ஆபத்து வந்தது எப்படி?

ஊசியிலை மரம் என்றால் என்ன?

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனவர்கள் பைன் மரங்களைப் பார்த்திருப்பார்கள். வானத்தைத் தொடுவது போல நேராக நிற்கும். இலைகள் ஊசி ஊசியாக இருக்கும். கீழே மரத்தால் செய்த மலர் போலக் காய்கள் விழுந்து கிடக்கும். குழந்தைகள் பொறுக்கி வீட்டுக்கு எடுத்து வருவார்கள். அதற்குக் கூம்பு என்று பெயர். பைன் மரத்தில் மாம்பூ போலப் பூ இல்லை. மாங்காய் போலக் காயும் இல்லை. கூம்பின் செதில்களுக்கு இடையில்தான் விதை இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானலில் உள்ள பைன் மரங்கள் மனிதர்கள் கொண்டு வந்து நட்டவை. இமயமலையிலோ ஊசியிலை மரங்கள் தாமாகவே காடு காடாக வளர்கின்றன. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். ஊசி போன்ற இலையிலும் சரிந்த கிளையிலும் பனி அதிகம் தங்காது. வழுக்கி விழுந்துவிடும். கிளையும் ஒடியாது.

ஒரு சிறு சந்தேகம் வரலாம். நம் ஊர்ச் சவுக்கு மரத்தின் இலையும் ஊசி போலத்தானே இருக்கிறது? சிறிய காயும் கூம்பு போலத்தானே இருக்கிறது? பார்வைக்கு அப்படித்தான். ஆனால் சவுக்கு பூக்கும் மரம். அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல.

ஊசியிலை மரங்களால் நமக்குக் கிடைக்கும் பயன் ஏராளம். வண்ணம் பூசுபவர்கள் பெயின்டில் கலக்கும் டர்பன்டைன், பைன் மரத்தின் பிசினிலிருந்து கிடைக்கிறது. தேவதாரு மரத்தை வெட்டித்தான் வெள்ளைக்காரர் காலத்தில் வட இந்தியாவில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகப் போட்டார்கள். பைன், தேவதாரு, ஃபிர் எல்லாம் நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும். அவற்றின் நிழலில் சத்தமில்லாமல் நிற்கும் மரம் துனேர்.

நிழலில் வளரும் மரம்

துனேர் என்பது உத்தராகண்ட் மாநில மலை மக்கள் வைத்த பெயர். இமாச்சலப் பிரதேசத்தில் ராக்கால் என்கிறார்கள். நேபாளத்தில் லோட் சல்லா. ஆங்கிலத்தில் யூ மரம்.

காஷ்மீரிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை இமயமலை நெடுகிலும் இந்த மரம் உண்டு. மேகாலயா மலைகளிலும் உண்டு. மேற்கே ஓர் இனம், மத்தியிலும் கிழக்கிலும் இன்னோர் இனம் என்று விஞ்ஞானிகள் பிரித்துச் சொல்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பொதுவாக 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் இம்மரம் நன்றாக வளரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதையும் தாண்டி 3,000 மீட்டர் உயரத்திலும் துனேர் நிற்கும்.

மற்ற மரங்கள் வெயிலுக்குப் போட்டி போடும். துனேருக்கு அந்த அவசரம் இல்லை. பெரிய மரங்களின் அடியில், ஈரமான சரிவில், மெதுவாக வளரும். அதன் பட்டை மெல்லியது. செம்மண் நிறம். தகடு தகடாக உரியும். இலைகள் தட்டையானவை. சீப்பின் பற்களைப் போலக் கிளையின் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். ஆண்டு முழுவதும் பச்சை மாறாது.

பனை மரத்தில் ஆண் பனை, பெண் பனை என்று உண்டு அல்லவா? ஆண் பனை காய்க்காது. பெண் பனைதான் நுங்கு தரும். துனேரும் அப்படித்தான். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் மகரந்தத் தூளைக் காற்று சுமந்து செல்ல வேண்டும். அது பெண் மரத்தைச் சேர்ந்தால்தான் விதை பிடிக்கும்.

பைன் மரத்தைப் போலத் துனேரில் கட்டைக் கூம்பு இல்லை. ஒரு விதை. அதைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு சிவந்த சதை. அவ்வளவுதான். பச்சை இலைக்கு நடுவில் குன்றிமணியைப் பதித்தது போல அழகாக இருக்கும். பறவைகள் சிவப்புச் சதைக்காக அதை விழுங்கும். விதை எச்சத்தோடு வேறு இடத்தில் விழும்.

குன்றிமணி அழகானது. ஆனால் விஷம். துனேரின் விதையும் விஷம். இலையும் விஷம். சிவப்புச் சதை மட்டும்தான் விஷம் இல்லாதது. பறவை விதையைக் கடிக்காமல் விழுங்குவதால் பிழைத்துக்கொள்கிறது.

கீழே விழுந்த விதை உடனே முளைக்காது. அவரை விதை நான்கைந்து நாளில் முளைத்துவிடும். துனேர் விதை முளைக்க ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுகூட ஆகும். அதற்குள் எலி தின்னலாம். மழை அடித்துச் செல்லலாம். முளைத்த கன்றை ஆடு மாடு மிதிக்கலாம். இத்தனையும் தப்பிப் பிழைத்தாலும் பெரிய மரமாக ஆகப் பல பத்து ஆண்டுகள் பிடிக்கும். தாத்தா காலத்தில் முளைத்த கன்று பேரன் காலத்தில்தான் மரம் என்று சொல்லும்படி இருக்கும்.

மலை மக்களுக்கு இந்த மரம் நெடுங்காலமாகப் பழக்கம். உத்தராகண்டின் உயர்ந்த பகுதிகளில் போட்டியா மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் துனேர்ப் பட்டையைக் கொதிக்க வைத்து, உப்பும் வெண்ணெயும் கலந்து தேநீராகக் குடிப்பார்கள். குளிருக்கு இதமாக இருக்குமாம். மரக்கட்டை மிகவும் உறுதியானது. ஐரோப்பாவில் பழங்காலப் போர்வீரர்கள் யூ மரத்தில்தான் வில் செய்தார்கள். இங்கேயும் வீட்டுக்கும் விறகுக்கும் எடுத்தார்கள். எடுத்தது வீட்டுத் தேவைக்கு. அதனால் காடு தாங்கியது.

மரத்துக்குள் ஒரு மருந்து

1962-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு காடு. புற்றுநோய்க்கு மருந்து தேடி அந்த நாட்டு அரசு ஆயிரக்கணக்கான செடிகளையும் மரங்களையும் சோதித்துக்கொண்டிருந்தது. ஆர்தர் பார்க்ளே என்ற தாவர ஆய்வாளர் அந்தக் காட்டில் ஒரு யூ மரத்தின் பட்டையை எடுத்து அனுப்பினார். அது துனேருக்குப் பங்காளி மரம். அமெரிக்க மரம் வெட்டிகளுக்கு அது ஒரு களை. மற்ற மரங்களை வெட்டிய பிறகு அதைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவார்கள்.

அந்தப் பட்டையை இரண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஒருவர் மன்ரோ வால். மற்றவர் மன்சுக் வானி. வானி நம் நாட்டுக்காரர். 1925-இல் மகாராஷ்டிராவில் நந்துர்பார் என்ற ஊரில் பிறந்தவர். பம்பாயில் படித்து, பிறகு அமெரிக்கா சென்றவர். இருவரும் பட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அதற்கு டாக்சால் என்று பெயர் வைத்தார்கள். அதன் அமைப்பு இன்னது என்று 1971-இல் வெளியிட்டார்கள். வானி 2020-இல் காலமானார். பள்ளிப் பாடங்களில் இவர் பெயரை இன்னும் அதிகம் சொல்லலாம்.

டாக்சால் எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒரு செல் இரண்டாகப் பிரிந்துதான் உடம்பு வளர்கிறது. புண்ணும் ஆறுகிறது. புற்றுநோய் வந்த செல்லோ அடங்காமல் பிரிந்துகொண்டே போகும். செல் பிரியும்போது அதற்குள்ளே மிக நுண்ணிய இழைகள் தோன்றும். வேலை முடிந்ததும் கரையும். டாக்சால் இந்த இழைகளைக் கரைய விடாமல் பிடித்துக்கொள்கிறது. கட்டிய சாரத்தைப் பிரிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்கு வேலை நடக்குமா? அது போலச் செல் திணறி நிற்கிறது. பிரிய முடியாமல் சாகிறது. இதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்தார்.

சிகிச்சையின்போது முடி கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முடியின் வேரிலும் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. மருந்து அவற்றையும் தாக்கிவிடுகிறது. சிகிச்சை முடிந்த பிறகு பெரும்பாலும் முடி மறுபடி வளரும்.

1992 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. முதலில் பெண்களின் சினைப்பைப் புற்றுநோய்க்கு. பிறகு மார்பகப் புற்றுநோய்க்கு. நுரையீரல் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். இன்று மருத்துவமனையில் இதை பாக்ளிடாக்சல் என்ற பெயரில் எழுதுவார்கள். இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த மருந்தைச் சுத்தப்படுத்தி, அளவு பார்த்து, நரம்பில் ஏற்றுவார்கள். மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும். இலையையோ பட்டையையோ கஷாயம் வைத்துக் குடித்தால் புற்றுநோய் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. தாளிசபத்திரியையும் மருத்துவர் சொல்லாமல் நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. எந்த மரத்து இலை என்று சில நேரம் கடைக்காரருக்கே தெரியாது.

200 மூட்டைப் பட்டை

இப்போது ஒரு கணக்கு. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ மருந்து எடுக்கச் சுமார் 10,000 கிலோ காய்ந்த பட்டை வேண்டியிருந்தது. ஒரு மூட்டை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை மூட்டை?

10,000 ÷ 50 = 200 மூட்டை.

ஒரு நோயாளியின் சிகிச்சைக்குச் சுமார் 2 கிராம் மருந்து வேண்டும். ஒரு கிலோ என்பது 1,000 கிராம். ஆக, ஒரு கிலோ மருந்து 500 பேருக்கு வரும். 10,000 கிலோ பட்டையை 500 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 கிலோ பட்டை.

நூறு வயதான ஓர் அமெரிக்க யூ மரத்தில் எவ்வளவு பட்டை கிடைக்கும்? சுமார் 3 கிலோதான். அப்படியானால் ஒரு நோயாளிக்கு ஆறேழு மரங்கள். ஒவ்வொன்றும் நூறு வயது மரம்.

இந்தக் கணக்கு அமெரிக்காவிலேயே பெரிய சண்டையை உண்டாக்கியது. காட்டைக் காக்க வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம். தாயையோ மனைவியையோ மருத்துவமனையில் படுக்க வைத்திருந்தவர்கள் இன்னொரு பக்கம். மரம் பெரிதா, என் மகளின் உயிர் பெரிதா என்று கேட்டால் யார்தான் பதில் சொல்ல முடியும்? கேள்வி கேட்டவர் மேல் தப்பு இல்லை. காட்டைக் காக்கச் சொன்னவர் மேலும் தப்பு இல்லை. மரம் தீர்ந்துபோனால் அடுத்த ஆண்டு நோயாளிக்கு மருந்து எங்கிருந்து வரும்?

1992-இல் அமெரிக்கா யூ மரத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஆனால் மருந்தின் தேவை குறையவில்லை. உலகம் எங்கும் யூ மரத்தைத் தேடினார்கள். தேடல் இமயமலைக்கும் வந்தது.

மலைக்கு வந்த வியாபாரம்

1990-களில் இமயமலையில் துனேரின் பட்டையையும் இலையையும் மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். மேற்கில் நடந்தது. கிழக்கே அருணாசலப் பிரதேசத்திலும் நடந்தது.

மலை ஊர்களில் நிலம் கொஞ்சம். படிப்படியாக வெட்டிய சிறு வயல்கள். விளைவது சில மாதச் சாப்பாட்டுக்குத்தான் வரும். ஆண்கள் பலர் வேலை தேடிச் சமவெளிக்குப் போய்விடுவார்கள். விறகும் புல்லும் தண்ணீரும் பெண்கள் தலையில்தான் வரும். அப்படி ஓர் ஊருக்கு ஒருவர் வந்து, பட்டை கொண்டு வந்தால் கையில் காசு என்று சொன்னால் என்ன நடக்கும்?

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். மாமியாரும் மருமகளும் காட்டிலிருந்து திரும்பி வருகிறார்கள்.

"அத்தை, நாளைக்கும் போகலாமா? இன்னும் நாலு மரம் பாக்கி இருக்கு."

"போகலாம். ஆனா சுத்தி முழுக்க உரிக்காதே அம்மா. மரம் செத்துப்போகும்."

"நாம விட்டுட்டு வந்தா பக்கத்து ஊர்க்காரங்க உரிச்சிட்டுப் போயிடுவாங்க அத்தை. காசும் போகும், மரமும் போகும்."

மாமியாருக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறார்.

மருமகள் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? பொதுவில் இருக்கும் பொருளை ஒருவர் மட்டும் காப்பாற்ற முடியாது. ஊர் கூடி முடிவு எடுக்க வேண்டும். ஊர் கூடுவதற்குள் வியாபாரி வந்துவிட்டார். மருந்து விலை உயர்ந்தது. பட்டை உரித்தவருக்குக் கிடைத்ததோ சொற்பக் கூலி. அந்தப் பட்டை எதற்குப் போகிறது என்றே பலருக்குச் சொல்லப்படவில்லை.

பட்டையை உரித்தால் மரம் ஏன் சாகிறது? வேர் மண்ணிலிருந்து நீரை எடுத்து மேலே அனுப்புகிறது. இது மரத்தின் உள்கட்டை வழியாகப் போகும். இலை வெயிலில் உணவு தயாரித்துக் கீழே அனுப்புகிறது. இது பட்டையின் உட்புறம் வழியாக வரும். பட்டையைச் சுற்றிலும் உரித்தால் கீழே வரும் வழி அடைபடும். வேருக்கு உணவு கிடைக்காது. வேர் பட்டினி கிடந்தால் நீரை யார் அனுப்புவது? முதலில் மரம் பச்சையாகத்தான் இருக்கும். பிழைத்துக்கொண்டது என்று தோன்றும். பிறகு மெல்ல மெல்லக் காயும். நம் ஊரில் மரத்தை ஒழித்துக்கட்ட நினைப்பவர்கள் அடியில் சுற்றிப் பட்டை எடுப்பது இதற்காகத்தான்.

துனேருக்கு இன்னொரு கேடும் உண்டு. மரங்கள் குறையக் குறைய ஆண் மரமும் பெண் மரமும் தூரம் தூரமாகிவிடும். காற்று மகரந்தத்தைக் கொண்டு சேர்க்காது. மரம் உயிரோடு நிற்கும். விதை இருக்காது.

சட்டம் வந்தது

1995-இல் இமயமலைத் துனேர் உலக வணிக உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அது. சைட்டிஸ் என்று சொல்வார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி அனுப்ப முடியாது. காட்டில் எடுத்த துனேரை ஏற்றுமதி செய்வதை நம் அரசும் 1990-களில் தடை செய்தது. 2011-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட சிவப்புப் பட்டியலில் மேற்கு இமயமலைத் துனேர் அழியும் ஆபத்தில் உள்ளது என்று எழுதப்பட்டது. கிழக்கு இனமும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

சட்டம் எல்லையில் காவல் நிற்கும். காட்டுக்குள் ஒவ்வொரு மரத்துக்கும் காவல் போட முடியாது. விறகுக்கும் உள்நாட்டு மருந்துக்கும் எடுப்பது தொடர்ந்தது.

இலையில் கிடைத்த வழி

பட்டை இல்லாமல் மருந்து செய்ய முடியாதா? பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பியர் போத்தியே இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய யூ மரத்தின் இலையை ஆராய்ந்தார். இலையில் மருந்துக்கு நெருங்கிய ஒரு பொருள் நிறைய இருந்தது. வீடு கட்டியாகிவிட்டது, ஓடு வேய்வது மட்டும் பாக்கி என்பது போல. மீதி வேலையை ஆய்வுக்கூடத்தில் செய்து முழு மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஹோல்டன் இதற்கு இன்னும் நல்ல முறையைக் கண்டுபிடித்தார்.

இலை பறித்தால் மறுபடி துளிர்க்கும். பட்டை உரித்தால் மரமே போய்விடும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! முருங்கைக் கீரை ஒடிக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். இப்போது பல நாடுகளில் யூ மரத்தைத் தேயிலைச் செடி போலத் தோட்டம் போட்டு, கத்தரித்து, இலையை எடுக்கிறார்கள். மரத்தின் செல்லைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து அதிலிருந்தும் மருந்து எடுக்கிறார்கள். மருந்துக்காக ஒரு காட்டு மரத்தின் பட்டையைக்கூட உரிக்க வேண்டிய தேவை இன்று இல்லை.

ஆனால் இலையையும் கண்மண் தெரியாமல் எடுக்கலாம். கிளை கிளையாக வெட்டிச் சாய்த்துவிட்டு இலையை உதறினால் அதுவும் மரத்தைக் கொல்லும் வேலைதான். ஒரு பகுதி இலையை விட்டுவைக்க வேண்டும். எடுத்த மரத்துக்குச் சில ஆண்டு ஓய்வு கொடுக்க வேண்டும்.

கன்று வளர்ப்பது

விதையை நம்பினால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால் இளங்கிளையை வெட்டி நட்டு வேர்விட வைக்கும் முறையை ஆராய்ச்சியாளர்கள் கையாள்கிறார்கள். அல்மோரா அருகே கோசி கட்டார்மலில் உள்ள கோவிந்த வல்லப பந்த் இமயமலைச் சுற்றுச்சூழல் நிறுவனமும், சிம்லாவில் உள்ள இமயமலை வன ஆராய்ச்சி நிறுவனமும் இதில் உழைத்திருக்கின்றன. செம்பருத்தியை ஒடித்து நடுவது போலத்தான். ஆனால் செம்பருத்தியின் வேகம் இதற்கு இல்லை. வேர்விட மாதக்கணக்கில் ஆகும். நிழலும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண் மரத்துக் கிளையை நட்டால் ஆண் மரம்தான் வரும். பெண் மரத்துக் கிளையை நட்டால் பெண் மரம்தான் வரும். ஒரே மரத்தில் நூறு கிளை வெட்டி நூறு கன்று வைத்தால் காடு பச்சையாகத் தெரியும். ஆனால் விதை பிடிக்காது. பல இடங்களில், பல மரங்களில், ஆணும் பெண்ணும் பார்த்துக் கிளை எடுக்க வேண்டும்.

கன்று வைத்தால் மட்டும் போதாது. யார் பார்த்துக்கொள்வது? உத்தராகண்டில் வன பஞ்சாயத்து என்ற ஏற்பாடு 1931 முதல் இருக்கிறது. ஊர் மக்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஊர்க்காட்டைப் பராமரிக்கிறார்கள். எப்போது புல் அறுக்கலாம், எந்தப் பக்கம் மாடு விடக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அந்த மலைகளில் பெண்களுக்குத் துணிச்சலும் புதிதல்ல. 1974-இல் சமோலி மாவட்டம் ரேணி கிராமத்தில், ஆண்கள் ஊரில் இல்லாத நாளில் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவி பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அவர்களைத் திருப்பி அனுப்பினார். சிப்கோ இயக்கத்தில் மறக்க முடியாத நாள் அது.

2002-இல் வந்த பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். தங்கள் பகுதியில் என்ன மரம், என்ன மூலிகை, யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று இந்தக் குழு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். வெளியிலிருந்து வந்து வணிகத்துக்காக எடுத்தால் ஊருக்குப் பங்கு வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். முன்பு அந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் கேட்கத் தெரியாத கேள்வி இது. எதற்கு எடுக்கிறீர்கள்? எவ்வளவு எடுக்கிறீர்கள்? எங்களுக்கு என்ன? கையில் பதிவேடும் அதைப் படிக்கும் எழுத்தும் இருந்தால் கேட்கலாம்.

கூடிப் பேசுங்கள்

மருமகள் சொன்னதற்கு மாமியார் என்ன பதில் சொல்லியிருக்கலாம்? இரண்டு பேர் மாமியாராகவும் மருமகளாகவும் பேசிக் காட்டுங்கள்.

கணக்கு: ஒரு நோயாளிக்கு 20 கிலோ பட்டை வேண்டும். ஒரு மரத்தில் 3 கிலோ. 30 நோயாளிகளுக்கு எத்தனை மரம்?

உங்கள் ஊரில் பட்டைக்காக உரிக்கப்படும் மரம் எது? போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரித்திருக்கிறார்களா, சுற்றிலும் உரித்திருக்கிறார்களா? பார்த்ததை ஐந்து வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.